நிகோலாய் கபூஸ்தினை வரிசையாகக் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நிகோலாய் கபூஸ்தின் (1937–2020) ரஷ்யப் பியானோ கலைஞர், ஜாஸின் துள்ளலை மேற்கத்தியச் செவ்வியல் வடிவங்களில் எழுதிய இசையமைப்பாளர். 161 ஓபஸ்கள் எழுதியிருக்கிறார். ஓபஸ் என்றால் வெளியீட்டு வரிசை எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 பியானோ சொனாட்டாக்களும் (பெரும்பாலும் பல பகுதிகள் கொண்ட நீளமான படைப்புகள்) 6 பியானோ கான்செர்ட்டோக்களும் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை) உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

நானும் முதலில் தப்பான இடத்தில்தான் தொடங்கினேன். இருப்பதிலேயே வேகமான துண்டைக் கேட்டு, "சர்க்கஸ்" என்று சொல்லி மூடி வைத்துவிட்டேன். திரும்பி வர ஒரு வருஷம் ஆனது. அதன் பிறகு நண்பர்கள் நாலைந்து பேரைக் கூடவே இருந்து கேட்க வைத்திருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களை வைத்துத்தான் இந்த வரிசை.

## 0. தொடங்கும் முன் வேண்டியவை

ஹெட்ஃபோன். விலை உயர்ந்தது வேண்டாம், காதை மூடினால் போதும். ஃபோன் ஸ்பீக்கரில் பியானோவின் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய்விடும். கபூஸ்தினிடம் இடது கைதான் பேஸ் கிட்டார், டிரம்ஸ் இரண்டும். அது கேட்கவில்லை என்றால் வலது கை காரணமில்லாமல் ஓடுவது போல இருக்கும்.

ஷஃபிள், ஆட்டோபிளே இரண்டையும் அணைத்துவிடுங்கள். சொனாட்டாவின் இரண்டாம் பகுதி முடிந்ததும் வேறு யாருடைய ஜாஸோ ஓடத் தொடங்கினால் காது குழம்பிவிடும்.

ஒரு நோட்டு. ஓபஸ் எண், ஆண்டு, வாசித்தவர், உங்கள் ஒரு வரி. இதை எழுதாதவர்கள் மூன்றாம் நாளில் எதைக் கேட்டோம் என்று மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் தலைப்புகள் எல்லாம் "பிரெலூட்", "எத்யூட்" என்று ஒரே மாதிரி இருக்கும்.

நேரம். ஒரு நாளைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். இவர் ஒரு நிமிடத்தில் வைக்கும் சுரங்களின் எண்ணிக்கைக்குக் காது சீக்கிரம் களைத்துப்போகும்.

ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக் குறியீடு) தெரிந்திருக்கத் தேவையில்லை.

## 1. பெயரைச் சரியாகத் தேடுங்கள்

சிரிக்காதீர்கள், முதல் தடுக்கல் இங்கேதான். "கபூஸ்தின் யார்?" என்ற நம் கேள்வியை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்த நண்பருக்கு வந்தது ராக்கெட் ஏவுதளம். கபூஸ்தின் யார் என்பது ரஷ்யாவின் அஸ்த்ரகான் பகுதியில் இருக்கும் ஊர். நம் ஆரியபட்டா செயற்கைக்கோள் 1975-ல் ஏவப்பட்டது அங்கிருந்துதான். இன்னொருவருக்கு இயற்பியல் கட்டுரைகள் வந்தன. அது ஆன்டன் கபூஸ்தின், இசையமைப்பாளரின் மகன், கோட்பாட்டு இயற்பியலாளர்.

அதனால் பெயரோடு ஓபஸ் எண்ணையும் சேர்த்தே தேடுங்கள். நிகோலாய் என்பதை ஆங்கில எழுத்தில் கடைசியில் 'ஐ' போட்டும் எழுதுகிறார்கள், 'ஒய்' போட்டும் எழுதுகிறார்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும்.

இரண்டு வகைப் பதிவுகளைக் குறித்து வையுங்கள். ஒன்று, கபூஸ்தின் தானே வாசித்தது. அவர் தன் முக்கியமான பியானோ படைப்புகளைத் தானே பதிவு செய்திருக்கிறார். இன்னொன்று, ஹைபீரியன் நிறுவனம் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள்: ஸ்டீவன் ஆஸ்போர்ன் வாசித்தது (2000), மார்க்-ஆந்த்ரே ஆம்லின் வாசித்தது (2004). முதல் இரண்டு வாரத்துக்கு இவை தாராளம்.

## 2. கேட்கும் முன் ஒரு எண்ணத்தைக் கழற்றி வையுங்கள்

எல்லோரும் முதலில் சொல்வது: "ஆஹா, என்னமாய் இம்ப்ரொவைஸ் பண்றார்!" அதாவது, அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்கிறார் என்று. இல்லை. ஒரு சுரம்கூட அந்த நேரத்தில் தோன்றி வாசித்ததில்லை. எல்லாம் தாளில் எழுதியது. இம்ப்ரொவைசேஷனில் தனக்கு ஆர்வமில்லை, தான் ஜாஸ் கலைஞரே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கற்பனை ஸ்வரத்தின் துள்ளல் அப்படியே இருக்கும், ஆனால் கீர்த்தனை போல ஒவ்வொரு சங்கதியும் நிர்ணயமாகிவிட்டது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன்? இம்ப்ரொவைசேஷன் என்று நினைத்துக் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று மட்டும் காத்திருப்பீர்கள். எழுதியது என்று தெரிந்தால், போன நிமிடம் வந்தது எங்கே திரும்ப வருகிறது என்று தேடத் தொடங்குவீர்கள். கபூஸ்தினிடம் சுவாரஸ்யம் அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

## 3. முதலில் பாருங்கள்: டொக்காட்டா, ஓபஸ் 8 (1964)

முதல் நாள் கேட்க வேண்டாம், பார்க்க வேண்டும். ஒலெக் லுண்ட்ஸ்ட்ரெம் பிக் பேண்டுடன் (பித்தளை வாத்தியங்கள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு) இளைஞர் கபூஸ்தின் பியானோவில் உட்கார்ந்து வாசிக்கும் கருப்பு வெள்ளைக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. சில நிமிடங்கள்தான்.

மாஸ்கோ கன்சர்வேட்டரியில் அலெக்சாந்தர் கோல்டன்வைசரிடம் படித்து 1961-ல் வெளியே வந்தவர், நேராகப் போய்ச் சேர்ந்தது இந்த பிக் பேண்டில். 11 வருஷம் அங்கே வாசித்தார். பிறகு தொலைக்காட்சி இசைக்குழு, சினிமா இசைக்குழு என்று 1984 வரை. சம்பளத்துக்கு வாசித்த இந்த இருபத்து மூன்று வருஷத்தையும் தனியாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் பித்தளை வாத்தியங்கள் வரிசையாக எழுந்து "பாப்" என்று அடிக்கும் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் தனிப் பியானோவில் இரண்டு கையும் சேர்ந்து ஒரு கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டம்) வெட்டி அடிக்கும்போது, அது அந்தப் பித்தளை வரிசைதான். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் அதை வெறும் முரட்டு அடியாகவே கேட்கிறார்கள்.

அவருடைய தோள்களையும் பாருங்கள், அசைவதே இல்லை. முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஏதோ வங்கியில் கணக்கு எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

## 4. எட்டு கச்சேரி எத்யூடுகள், ஓபஸ் 40 (1984)

அதிக நாள் செலவழிக்க வேண்டிய படி இது. மொத்தம் சுமார் 20 நிமிடம் ஓடும். ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு.

வரிசையும் 1 முதல் 8 வரை இல்லை. நான் சொல்வது இது: 1, 7, 2, 5, 3, 6, 4, கடைசியில் 8.

எண் 1, பிரெலூட். சுமார் இரண்டு நிமிடம். மூன்று தடவை கேளுங்கள்.

முதல் தடவை விரலால் மேசையில் தாளம் போடுங்கள். சரியாக நான்கு நான்காகத்தான் போகும், ஆனால் அடிகள் உங்கள் விரலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து விழும். உங்கள் விரல் தப்பு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். விரல் அங்கேயே இருக்கட்டும். மிருதங்கக்காரர் எடுப்பு மாற்றி வாசிக்கும்போது நாம் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்வது போலத்தான்.

இரண்டாம் தடவை இடது கையை மட்டும் பின்தொடருங்கள். வலது கை பாய்ந்து ஓடும்போது காது அதன் பின்னாலேயே போகும். இழுத்துப் பிடித்து மறுபடி கீழே கொண்டு வாருங்கள். ஒரு நண்பர், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், இந்த இரண்டாம் தடவையில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல டிரம்ஸ் இல்லையா?" என்று கேட்டார். இல்லை, பியானோ மட்டும்தான்.

மூன்றாம் தடவை எதுவும் செய்யாமல் கேளுங்கள். தொடக்கத்தில் வந்த துள்ளல் எங்கே திரும்புகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். அது திரும்பும் நொடியை நோட்டில் குறியுங்கள்.

எண் 7, இன்டர்மெட்சோ. சோம்பலாக, நடைப்பயிற்சி போவது போலத் தொடங்கும். அதே மெட்டு அப்புறம் இரட்டைச் சுரங்களாக ஓடும்: வலது கை ஒரே நேரத்தில் ச-வும் க-வும் போல இரண்டிரண்டாக அழுத்திக்கொண்டே போகும். எத்யூட் என்றால் விரலுக்கான பயிற்சிப் பாடம். இந்தப் பாடத்தின் பயிற்சி அதுதான். 1-க்கு அடுத்து இதை வைப்பதற்குக் காரணம், முதலாவது நேர் நடை, இது ஸ்விங் நடை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஸ்விங் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண் 2, கனவு, கொஞ்சம் காதுக்கு ஓய்வு. எண் 5-ல் பூகி-வூகி வாசனை அடிக்கும், எல்லோருக்கும் உடனே பிடித்துவிடும். எண் 3, டொக்காட்டினா: ஒரே கட்டையை விரல் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப அடிப்பது. 6, 4 இரண்டும் எப்படிக் கேட்டாலும் சரி.

எண் 8, ஃபினாலே. நான் முதலில் கேட்டு ஓடிப்போனது இதைத்தான். மூச்சு விட இடமில்லாத வேகம். மற்ற ஏழும் பழகிய பிறகு கேட்டால், அந்த ஓட்டத்துக்குள்ளும் கார்டுகள் எப்படி மாறுகின்றன என்று காது பிடித்துவிடும். அதற்கு முன் கேட்டால் டைப்ரைட்டர்தான்.

## 5. வேரியேஷன்ஸ், ஓபஸ் 41 (1984)

இதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்' (1913) தொடக்கத்தில், பஸூன் தனியாக மேல் ஸ்தாயியில் வாசிக்கும் சில நொடிகளைக் கேளுங்கள். முழுசாக வேண்டாம்.

உடனே ஓபஸ் 41-ஐப் போடுங்கள். அந்த மெட்டின் சாயல் ஸ்விங் உடை போட்டுக்கொண்டு வருவது கேட்கும். கேட்டவுடன் சிரிப்பு வந்தால் சரியாகக் கேட்கிறீர்கள்.

வேரியேஷன் என்றால் ஒரே மெட்டை விதவிதமாக மாற்றுவது. புதியவர்கள் செய்யும் தப்பு, ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணப் பார்ப்பது. நடுவில் எண்ணிக்கை தவறும், எரிச்சல் வரும். எண்ண வேண்டாம். ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடியுங்கள்: கடைசி ஓட்டத்துக்கு முன் எல்லாம் அடங்கி, மெதுவாக, இரவு நேரப் பாட்டு போல ஒரு பகுதி வரும். அங்கே மெட்டு அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மீதி மாற்றங்களும் தானே தெரியும்.

## 6. கொஞ்சம் பின்னால் போங்கள்: பழைய பாணி சூட், ஓபஸ் 28 (1977)

சூட் என்றால் நடனத் துண்டுகளின் தொகுப்பு. ஆண்டு வரிசைப்படி இது ஓபஸ் 40-க்கு முந்தியது. ஆனால் முதலில் கேட்டால் பாக் இசையைக் கிண்டல் செய்கிறார் என்று தோன்றும். எத்யூடுகள் பழகிய பிறகு கேட்டால் கிண்டல் இல்லை என்று புரியும்.

இதற்கு ஒரு ஜோடி வேண்டும்: பாக் எழுதிய ஃப்ரெஞ்ச் சூட் எண் 5. ஆலமாண்ட், கவோட், சரபாண்ட், பூரே, ஜிக் என்ற நடனங்கள்தான் கபூஸ்தினின் சூட்டில் வருகின்றன. இந்த ஐந்தும் பாக்கின் அந்த சூட்டிலும் இருக்கின்றன. முதலில் பாக்கின் சரபாண்ட், அடுத்து கபூஸ்தினின் சரபாண்ட். பிறகு இரண்டு ஜிக். இப்படி ஜோடி ஜோடியாக. முழு சூட்டையும் கேட்டுவிட்டு மற்றதற்குப் போனால் ஒப்பிட எதுவும் நினைவில் இருக்காது.

## 7. ஜாஸ் பாணியில் 24 பிரெலூடுகள், ஓபஸ் 53 (1988)

சின்னச் சின்னத் துண்டுகள். சுருதி வரிசை ஷோபானின் 24 பிரெலூடுகள் போலவே: சி மேஜர், ஏ மைனர், ஜி மேஜர், இ மைனர் என்று போகும். ஒரு நாளைக்கு ஆறு, நான்கு நாளில் முடியும்.

இங்கே வரும் ஒரே ஆபத்து, இவை கேட்க இனிமையாக இருப்பது. சமையல் செய்துகொண்டே கேட்கலாம் என்று தோன்றும். கேட்கலாம், ஆனால் அது இந்த நான்கு நாளுக்கு அப்புறம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். என் நோட்டில் ஒன்றுக்கு "மழை", இன்னொன்றுக்கு "கடன்காரர்" என்று இருக்கிறது. காரணம் எனக்கே இப்போது நினைவில்லை, ஆனால் அந்த வார்த்தையைப் பார்த்ததும் மெட்டு வந்துவிடுகிறது.

## 8. சொனாட்டாக்கள்: முதலில் 2, அப்புறம் 1

இருபது இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் சொனாட்டா, ஓபஸ் 54 (1989), அதிலிருந்து தொடங்குங்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றின் குணமும் தெளிவாகப் பிரிந்திருக்கும். கடைசிப் பகுதியின் பெயர் 'பெர்பெச்சுவம் மொபிலே', நிற்காமல் ஓடுவது என்று பொருள். பெயருக்கு ஏற்றாற்போல் நிற்கவே நிற்காது.

முதல் சொனாட்டா, ஓபஸ் 39 (1984), ஃபேன்டஸி பாணியில் எழுதியது. அதற்கும் நான்கு பகுதிகள்தான், ஆனால் எல்லைகள் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இதில் தொடங்கியவர்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கும் முறை: முதல் நாள் முதல் பகுதி மட்டும், இரண்டு தடவை. மறுநாள் அதே முதல் பகுதியோடு இரண்டாம் பகுதி. இப்படிச் சேர்த்துக்கொண்டே போய் நான்காம் நாள் முழுவதும். நேரம் எடுக்கும், ஆனால் நீளமான இசைக்கு இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் முடிந்தால் ஆறாம் சொனாட்டா, ஓபஸ் 62. மற்றவை அவசரமில்லை.

## 9. பியானோ தனியாக இல்லாதவை

1984-க்குப் பிறகு அவர் இசைக்குழு வேலையை விட்டுவிட்டு எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டார். அப்புறம்தான் மற்ற வாத்தியங்களுக்கும் நிறைய எழுதினார். இதில் ஒன்று போதும் என்றால் ஓபஸ் 86, புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றுக்கும் (1998). பியானோவின் ஓட்டத்தில் களைத்தவர்களுக்குப் புல்லாங்குழல் காற்று மாதிரி இருக்கும். செல்லோ பிடித்தால் ஓபஸ் 63, வயோலா பிடித்தால் ஓபஸ் 69.

ஓபஸ் 82, 24 பிரெலூட்–ஃபியூக் (1997). ஃபியூக் என்பது ஒரே மெட்டை இரண்டு மூன்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் துரத்துவது. பாக் ஃபியூக் கொஞ்சமாவது கேட்டுப் பழகாதவர்கள் இதைத் தள்ளிப்போடலாம். பழகியவர்களுக்கு, என் கணக்கில், அவருடைய ஆகச் சிறந்த வேலை இதுதான்.

## 10. இப்போது ஒப்பிடுங்கள்

இதுவரை ஒரே பதிவைக் கேட்டிருந்தால் நல்லது. ஆரம்பத்திலேயே நாலு பேர் வாசித்ததைக் கேட்பவர்கள் யார் வேகம் என்ற சண்டைக்குத்தான் போகிறார்கள்.

ஓபஸ் 40-ன் முதல் எத்யூடுக்குத் திரும்புங்கள். கபூஸ்தின் வாசித்ததையும் ஆம்லின் வாசித்ததையும் அடுத்தடுத்து. கவனிக்க வேண்டியது வேகத்தை இல்லை, பெடலை (காலால் அழுத்தினால் சுரத்தை நீடிக்க விடுவது). சுரம் முடிந்ததும் சத்தம் நிற்கிறதா, அடுத்ததில் கசிகிறதா? எனக்குக் கபூஸ்தினின் வாசிப்பு உலர்ந்ததாக, ஒவ்வொரு சுரமும் நறுக்கியதாகக் கேட்கிறது. ஆம்லினுடையதில் மெருகு அதிகம். நண்பர்களில் பாதிப் பேர் ஆம்லின் பக்கம். நான் கபூஸ்தின் பக்கம்.

## 11. வாசிக்க ஆசை வந்தால்

பியானோ வாசிப்பவர்களுக்கு மட்டும்.

முதல் தப்பு, ஓபஸ் 40-ல் இறங்குவது. சொனாட்டினா, ஓபஸ் 100-ல் தொடங்குங்கள். அதுவும் சுலபமில்லை, ஆனால் கை உடையாது.

இரண்டாம் தப்பு, எல்லாவற்றையும் ஸ்விங் ஆக்குவது. ஜாஸ் என்றதும் கை தானாக நொண்டத் தொடங்கும். முதல் எத்யூட் மாதிரியானவற்றில் எட்டாம் சுரங்கள் நேராகத்தான் விழ வேண்டும். ஸ்விங் எங்கே என்பதைத் தாளில் பார்த்து முடிவு செய்யுங்கள், மனநிலையை வைத்து இல்லை.

மூன்றாம் தப்பு, வலது கையிலிருந்து கற்பது. இடது கையை மட்டும், மெட்ரோனோமோடு, பாதி வேகத்தில், பெடல் இல்லாமல். அது தனியாக நின்று ஆட வைக்கும் அளவுக்கு வந்த பிறகு வலது கை. பெடலைக் கடைசியில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், பெடல் தாளத்தின் பிழைகளை மூடிவிடும், உங்களுக்கே தெரியாமல் போகும்.

இசைத் தாள்கள் இப்போது ஜெர்மனியின் ஷாட் பதிப்பகம் வெளியிடுகிறது. கபூஸ்தின் இறந்தது 2020-ல். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு, ஆகவே இலவசமாக உலாவும் ஸ்கேன்கள் சட்டப்படியானவை அல்ல. அது தவிர, மங்கலான ஸ்கேனில் ஷார்ப்புக்கும் நேச்சுரலுக்கும் வித்தியாசம் தெரியாமல், ஒரு பக்கத்தையே இரண்டு வாரம் தப்பாகப் பழகிய ஆளை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.